பட்டணம் பார்த்த கண்

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
22 மே 1927

கத்தரினுக்கு,

உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் தேவமாதா காக்கட்டும். நானும் எல்ஸியும் நேற்றுப் பொழுது சாய்வதற்குள் பினாங்கு வந்து சேர்ந்தோம். இருவரும் சுகம்.

செமோர் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் நீ பக்கத்து வீட்டு முத்தம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அம்மா கை காட்டுறாங்களாப்பா?" என்று எல்ஸி கேட்டாள். ஆமாம் என்றேன். அவளும் கை காட்டினாள். அதற்குள் ரயில் வளைவு திரும்பிவிட்டது.

தைப்பிங்கில் நல்ல மழை. பாரிட் புந்தார் வந்ததும் மலையெல்லாம் ஒதுங்கிப்போய் இரண்டு பக்கமும் வயல்வெளி. ஒன்பது வருஷமாகக் கித்தாத் தோட்டத்து ரப்பர் மர நிழலிலேயே வளர்ந்த பிள்ளை, இவ்வளவு வானத்தைப் பார்த்ததில்லை. ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "அங்க நிக்கிறது கொக்கா, வெள்ளைத் துணியா?" என்று கேட்டாள். சொல்வதற்குள் அது பறந்துவிட்டது. சிரித்தாள்.

ஈப்போ டாக்டரின் கடிதம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சென்னப்பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் இல்லாத வைத்தியம் வேறெங்கும் இல்லை என்று அவர் சொன்னதை நீயும் கேட்டாய் அல்லவா. தோட்டத்துத் துரை மூன்று மாதம் லீவு தந்திருக்கிறார். ஆகஸ்டு கடைசிக்குள் நல்ல கண்ணோடு வந்துவிடுவாள். தம்பியோ தங்கையோ, முதலில் நான்தான் முகம் பார்ப்பேன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.

தண்ணீர்க் குடம் தூக்காதே. ஆம்புரோஸ் மச்சான் மாதம் ஒரு முறை ஈப்போவிலிருந்து வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாளைக் காலை கப்பல். எங்களுக்காக ஒரு ஜெபமாலை சொல்.

சவரிநாதன்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னப்பட்டணம்,
12 ஜூன் 1927

கத்தரினுக்கு,

சர்வேசுரன் கிருபையால் எட்டு நாள் கடல் கடந்து சுகமாகக் கரை ஏறினோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா?

கப்பலில் மேல்தட்டில்தான் இடம். பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் கடல் பொங்கியதில் எல்லாரும் வாந்தி. எல்ஸி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் வெயில் ஏறியதும் பறக்கிற மீன்கள் வந்தன. ஒரு சாண் நீளம், வெள்ளி மாதிரி, கூட்டமாகத் தண்ணீரை விட்டு எழும்பி, தத்துக்கிளி போலப் பாய்ந்து மறுபடி உள்ளே போகின்றன. நாகப்பட்டணத்தில் கப்பல் கரைக்குப் போவதில்லை. தொலைவிலேயே நிற்க, படகுகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. மறுநாள் பட்டணத்துத் துறைமுகம். சிவப்புச் சிவப்பாகக் கட்டடங்கள், அவற்றுக்கு மேலே ஹைக்கோர்ட்டுக் கோபுரம். அதன் உச்சியில்தான் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு இருக்கிறது.

டிராம் வண்டியில் மயிலாப்பூர் வரை வந்து, அங்கிருந்து ஜட்காவில் பியாட்ரிஸ் அக்கா வீட்டுக்கு வந்தோம். என் பெரியம்மா மகள் என்று சொல்லியிருக்கிறேனே, அவர்தான். அத்தான் காலமான பிறகு கன்னியாஸ்திரிகள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்துத் தனியாக இருக்கிறார். எல்ஸியைக் கண்டதும் தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டார். வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கிறது.

ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனோம். பெரிய டாக்டர் நல்ல மனிதர். இருட்டறையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பொறுமை வேண்டும் என்றார்.

மற்றவை பின்னால் எழுதுகிறேன். முத்தம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

சவரிநாதன்

*

சேசு மரி சூசை துணை

செமோர்,
2 ஜூலை 1927

எல்ஸியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு உயிர் வந்தது. எனக்குக் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி சுகம். உங்களுக்கும் பிள்ளைக்கும் பட்டணத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? பியாட்ரிஸ் மதினிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். பறக்கிற மீனுக்கு அரைப் பக்கம். டாக்டருக்கு நாலு வரி. அவர் என்ன சொன்னார்? ஆபரேஷன் உண்டா, இல்லையா? கண்ணில் கோளாறா, நரம்பில் கோளாறா? போன வருஷம் விளக்கு வைத்த பிறகுதானே தடுமாறினாள். நீங்கள் புறப்படுவதற்கு முந்தின வாரம் பட்டப்பகலில் கதவில் இடித்துக்கொண்டாள். அதை டாக்டரிடம் சொன்னீர்களா?

நான் கன்னியர் பள்ளியில் ஏழு வகுப்பு வாசித்தவள். விவரமாக எழுதினால் எனக்குப் புரியும்.

முத்தம்மா தினமும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து நேரே இங்கேதான் வருகிறாள். "பெரிய எடத்து டாக்டருலா, கண்ண தொறந்து விட்டுருவாரு, நீ அழுது உடம்ப கெடுத்துக்காத" என்கிறாள். அவளுக்காக அழாமல் இருக்கிறேன்.

இங்கே வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. எல்ஸியிடம் சொல்லுங்கள், அவள் வளர்த்த வாத்து ஆறு முட்டை வைத்து அடை காக்கிறது. அவளை ஒரு வரியாவது தன் கையால் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கத்தரின்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
21 ஜூலை 1927

கத்தரினுக்கு,

உன் நாள் நெருங்குகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீயும் பிள்ளையும் நல்லபடி வேறாகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

ஆஸ்பத்திரி விஷயத்தை நேரில் விளக்கமாகச் சொல்கிறேன். கடிதத்தில் எழுதினால் நீ ஒன்று கிடக்க ஒன்று நினைத்துக்கொள்வாய். சொட்டு மருந்து தவறாமல் போடுகிறேன்.

தூரத்திலிருந்து வந்த பிள்ளை, பட்டணத்தைப் பார்க்காமல் போகக் கூடாது என்று தினமும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். வெயில் நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் புறப்படுவோம். கடற்கரையில் மீன் காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. கண்ணாடித் தொட்டிகளில் உயிரோடு மீன்கள். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டது, வாலில் விசிறி வைத்தது, கல் மாதிரியே கிடந்து திடீரென்று வாய் திறக்கிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தோம். காவல்காரர் எங்களைப் பார்த்து, "சாயந்திரம் பூட்டணும், நெனப்பிருக்கட்டும்" என்று சிரித்தார்.

எழும்பூரில் இருக்கிற பொருட்காட்சிச் சாலையை இந்த ஊர்க்காரர்கள் செத்த காலேஜ் என்கிறார்கள். உள்ளே எல்லாம் செத்த மிருகங்கள். புலி, கரடி இருக்கிற தோட்டத்துக்கு உயிர் காலேஜ் என்று பெயர். செத்த காலேஜில் ஒரு திமிங்கிலத்தின் எலும்பைக் கோத்து வைத்திருக்கிறார்கள். நம் லயத்து வீட்டு வரிசையில் பாதி நீளம் இருக்கும். "தெரியுதாம்மா?" என்றேன். "தெரியுதுப்பா, எவ்ளோ பெருசு" என்றாள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

எல்ஸி சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன்: "அம்மா, நான் நல்லா இருக்கேன். அத்தை எனக்குப் பாவாடை தெச்சுக் குடுத்தாங்க. வாத்துக் குஞ்சு பொரிச்சா ஒண்ணையும் யாருக்கும் குடுக்காதீங்க. தம்பிய எனக்குக் காட்டாம தூங்க வைக்காதீங்க."

உடம்பைப் பார்த்துக்கொள்.

சவரிநாதன்

*

சேசு மரி சூசை துணை

செமோர்,
8 ஆகஸ்டு 1927

எல்ஸியின் அப்பாவுக்கு,

ஆண் பிள்ளை. ஜூலை 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் பிறந்தான். முத்தம்மாதான் பிரசவம் பார்த்தாள். இருவரும் சுகம். நெற்றியும் காதும் உங்களுடையவை. மற்றது இன்னும் யார் சாயல் என்று தெரியவில்லை.

சுவாமியார் அடுத்த மாதம் தோட்டத்துக்கு வருவார். ஞானஸ்நானத்துக்குப் பெயர் எழுதி அனுப்புங்கள்.

எல்ஸி ஏன் தன் கையால் எழுதவில்லை? சிலேட்டை முகத்தருகே வைத்துக்கொண்டாவது எழுதுவாளே. இங்கிருந்து போகும்போதுகூட அரிச்சுவடி வாசித்தாளே. நான் கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, தாங்கிக்கொள்கிறேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. வைத்தியம் முடியவில்லை என்றாலும் ஒரு முறை வந்து போங்கள். அவள் தம்பியை ஒரு தரம் பார்க்கட்டும். குழந்தை முகம் வாரத்துக்கு ஒரு முகம் மாறுகிறது. இப்போது இருக்கிற முகம் பிறகு இருக்காது.

மதினிக்கும் உங்களுக்கும் சுகம் விசாரிக்கும்,
கத்தரின்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
27 ஆகஸ்டு 1927

கத்தரினுக்கு,

கடிதம் வந்த அன்று பியாட்ரிஸ் அக்கா தெருவுக்கே கற்கண்டு கொடுத்தார். நான் கோவிலுக்குப் போய் முழந்தாளிட்டுவிட்டு வந்தேன். நீயும் குழந்தையும் நலமாக இருப்பதே எங்கள் நலம். தோமையார் கல்லறை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு வேறு என்ன பெயர் வைப்பது? தொம்மை என்று வை.

எல்ஸி கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அப்பா, ஊருக்குப் போலாமா?" என்றாள். போகலாம், இன்னும் ஒன்றரை மாதம் பொறுத்துக்கொள் என்றேன். குன்றத்தூரில் ஒரு வைத்தியர் இருக்கிறார். பச்சிலைச் சாறு பிழிந்து கண்ணில் விடுகிறார். பலருக்குப் பலித்திருக்கிறது என்கிறார்கள். ஒரு மண்டலம் போட வேண்டுமாம். லீவை நீட்டச் சொல்லித் துரைக்கு எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்குப் போனோம். நூறு படிக்கு மேல் இருக்கும். கையைப் பிடித்து ஏற்றினேன். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் பட்டணம் முழுவதும், தென்னந்தோப்பு முழுவதும், அதற்கப்பால் கோடு கிழித்த மாதிரி கடல். எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டினேன். எல்லாம் தெரிகிறது என்றாள். இறங்கவே மனம் வரவில்லை எனக்கு.

அடுத்த வாரம் மூர் மார்க்கெட்டுக்கும் கோட்டைக்கும் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். தொம்மைக்கு என் முத்தம்.

சவரிநாதன்

*

சேசு மரி சூசை துணை

செமோர்,
17 செப்டம்பர் 1927

எல்ஸியின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி வந்து துரையின் பதிலைச் சொன்னார். லீவு நீட்ட முடியாதாம். உங்கள் கணக்கு வேலைக்கு உடையப்பன் என்று ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அவருக்கு இந்த வீடு வேண்டும். அக்டோபர் மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். குனோங் ராபாட்டில் தான் குடியிருக்கிற வீட்டில் ஒரு அறையை ஒழித்துத் தருகிறேன் என்கிறார் ஆம்புரோஸ் அண்ணன். போகிறேன். வாத்தையும் குஞ்சுகளையும் முத்தம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். எல்ஸியிடம் அதைச் சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வாய் வராது.

உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் வைத்தியத்துக்குப் போனீர்களா, பட்டணம் பார்க்கப் போனீர்களா? மீன் பார்த்தீர்கள், எலும்பு பார்த்தீர்கள், மலை பார்த்தீர்கள். ஒரு கடிதத்திலாவது, ஒரு வரியாவது, அவள் கண்ணைப் பற்றி உண்டா? வேலை போனது. வீடு போனது. பெற்ற பிள்ளையின் முகம் நீங்களும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அந்தக் கோட்டை நீங்கள் பார்க்காவிட்டால் இடிந்து விழுந்துவிடுமா?

இனி நான் கேட்க மாட்டேன். நீங்களாகச் சொல்லுங்கள்.

கத்தரின்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
25 அக்டோபர் 1927

கத்தரினுக்குப் பியாட்ரிஸ் எழுதுவது,

உன்னை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐந்து மாதமாக உன் மகள் என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். அந்த உரிமையில் எழுதுகிறேன். பச்சைப்பிள்ளைக்காரி நீ. இதை உட்கார்ந்துகொண்டு வாசி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

உன் கடைசிக் கடிதம் தம்பியின் சட்டைப்பையில் கிடக்கிறது. துவைக்கப் போடும்போது எடுப்பான், மறுபடி வைத்துக்கொள்வான். பதில் எழுத நாலு தரம் உட்கார்ந்தான். காகிதம்தான் வீணானது. அவனால் ஆகாது என்று தெரிந்த பிறகு நானே எழுதுகிறேன்.

ஜூன் மாதத்திலேயே பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வாடிக்கொண்டு வருகிறதாம். அதற்கு ஆபரேஷனும் இல்லை, மருந்தும் இல்லை. இருக்கிற பார்வை கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கினால் பெரிது என்றார். ஒளிக்காமல் அன்பாகத்தான் சொன்னார். சொட்டு மருந்துகூட இவன் கெஞ்சிக் கேட்டதால் கொடுத்தது.

அன்று வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்து, "அக்கா, கண்ணு இருக்கையிலேயே பிள்ளைக்கு எல்லாத்தையும் காட்டிப்புடணும்" என்றான். கத்தரினுக்கு எழுதடா என்றேன். "வயித்துப் பிள்ளைக்காரி அவ, எப்படிக்கா எழுதுவேன்" என்றான். பிள்ளை பிறந்த பிறகும் அவனுக்கு மனம் துணியவில்லை. ஊருக்கு வந்தால் உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே, அந்தப் பயம்தான். பச்சிலை வைத்தியத்தை அவனே நம்பவில்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்த திருநாள். கோவிலில் எல்ஸி கையில் ஒரு மெழுகுதிரியைக் கொடுத்தேன். சுடர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதிலேயே விரலை வைத்துவிட்டாள். வெளியே கூட்டிவந்து கேட்டேன். "எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியலை அத்தே. அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். சொல்லாமல் எப்படி இருப்பேன்? விரல் கொப்புளம் ஆறிவிட்டது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள். அழுது நான் பார்த்ததில்லை.

அவன்மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் அவர்களைக் கூப்பிடு. நீ கூப்பிடாமல் அவன் வர மாட்டான்.

உனக்காக மன்றாடும்,
பியாட்ரிஸ்

*

சேசு மரி சூசை துணை

குனோங் ராபாட், ஈப்போ,
14 நவம்பர் 1927

எல்ஸியின் அப்பாவுக்கு,

மதினி எழுதிவிட்டார்.

மூன்று நாளில் பால் வற்றிவிட்டது. அண்ணன் பாசாரில் ஆட்டுப்பால் வாங்கிவந்து கொடுக்கிறார். இதை உங்களை வருத்த எழுதவில்லை. இங்கே நடப்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜூனில் தெரிந்ததை ஜூனிலேயே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்த கப்பலில் வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆகஸ்டு மாதத்தில் என் பிள்ளைக்குப் பார்வை இருந்தது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மலை உச்சியிலிருந்து கடல் வரை தெரிந்தது என்று. அந்தக் கண் தம்பியை ஒரு முறை பார்த்திருக்காதா? என்னை ஒரு முறை பார்த்திருக்காதா? கிறிஸ்துமஸ் வரை தாங்கும் என்று சொன்ன கண்ணைத் திமிங்கிலத்துக்கும் மீனுக்கும் செலவழித்தீர்கள். அவள் பார்க்கக் கேட்டது இந்த ஒரு முகத்தைத்தான். முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியதுதான்.

இதை நான் மன்னிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் நீங்கள் இருவரும் இல்லாமல் எனக்கு வீடு இல்லை. புறப்பட்டு வாருங்கள். கண் போனால் போகட்டும். அவள் என் பிள்ளை.

இந்தக் கடைசி வரியை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்: "எல்ஸி, தம்பி தூங்குகிறான். நீ வந்ததும் எழுப்புகிறேன்."

கத்தரின்

*

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
2 டிசம்பர் 1927

கத்தரினுக்கு,

பத்தாம் தேதி கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். பினாங்கிலிருந்து ரயில் ஏறி நேரே ஈப்போவுக்கு வருகிறோம். எல்ஸி சுகம். உனக்கும் பிள்ளைக்கும் உடம்பு தேறியிருக்க வேண்டும்.

நீ எழுதியது எல்லாம் சரி. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தோட்டத்துக் கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் துரையிடம் போய் நான்தான் என்று ஒப்புக்கொள்கிறவன். பெற்ற பிள்ளை விஷயத்தில் கோழையாகிவிட்டேன். டாக்டர் சொன்ன அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். "கத்தரினுக்கு" என்று எழுதியதும் ஸ்டேஷனில் நீ நின்ற நிலை கண்ணில் வந்தது. எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது. எழுதாதவரை, ஒருவேளை டாக்டருக்குத் தவறியிருக்கலாம் அல்லவா?

தம்பி முகத்தைப் பார்க்கவிடாமல் செய்த பாவம் என்னுடையது. அதை நான் சுமந்துதான் ஆக வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் துணையாக இருக்கிறது. கண் மூடுவதற்குள் ஒரு பட்டணம் முழுவதையும் அவள் பார்த்துவிட்டாள். கடல் பார்த்தாள், கப்பல் பார்த்தாள், புலி பார்த்தாள். இனி இருட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் உள்ளே எடுத்துப் பார்க்க அவளுக்கு அவ்வளவும் இருக்கும். இது இல்லையென்றால் நான் இந்தக் கப்பலில் ஏற மாட்டேன், கத்தரின். அந்தக் கடலிலேயே முடித்துக்கொள்வேன்.

ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், பிள்ளைக்குக் காற்று ஆகாது. வந்தால் சந்தோஷம்.

சவரிநாதன்

*

சேசு மரி சூசை துணை

குனோங் ராபாட், ஈப்போ,
22 ஜனவரி 1928

மதினிக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? எல்ஸி நீங்கள் தைத்த பாவாடையை ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் கட்டுவதில்லை. எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அவர் பக்கத்தில் ஈயம் தோண்டுகிற லம்பத்தில் கூலி எழுதும் வேலைக்குப் போகிறார். தோட்டத்துச் சம்பளம் இல்லை. சமாளிக்கிறோம்.

ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அவர் பாதியாகிவிட்டார். எல்ஸி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கண் பார்க்க எப்போதும் போலத்தான் இருக்கிறது, மதினி. பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். அவர் அவனைப் பார்க்கவில்லை, எல்ஸியைத்தான் பார்த்தார். ஒரு மாதமாகியும் நானும் அவரும் அவசியத்துக்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

இனி எழுதப்போவது உங்களுக்கு மட்டும். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை எல்ஸிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக, "மீனெல்லாம் எப்படிம்மா இருந்துச்சு? அப்பா எழுதியிருந்தாரே" என்று கேட்டேன்.

வாசல் பக்கம் காது கொடுத்தாள். பிறகு, "அப்பா எங்கம்மா?" என்றாள்.

"லம்பத்துக்குப் போயிட்டாரு. சாயங்காலம்தான் வருவாரு."

"நான் மீனைப் பாக்கலம்மா."

"என்னடி சொல்றே?"

"எதையும் பாக்கல. கப்பல விட்டு எறங்கி ஒரு மாசத்துலயே எல்லாம் பொகை மாதிரி ஆயிருச்சு. அப்புறம் பொகையும் இல்ல. அப்பா ஒவ்வொரு எடத்துலயும் தெரியுதா தெரியுதான்னு கேப்பாரு. ரெண்டு தரம் தெரியலன்னு சொன்னேன். அன்னிக்கு ரெண்டு வேளையும் அப்பா சோறு திங்கல. அத்தை கூப்டும் வரல. அதுக்கப்புறம் தெரியுதுன்னே சொன்னேன். அவரு என்ன நெறம்னு சொல்வாரோ அதையே நானும் சொல்வேன். அப்பாவுக்குச் சந்தோசமா இருக்கும்."

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. "கடைசியா நல்லாத் தெரிஞ்சது என்னம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

யோசித்தாள். "டிராம் வண்டியில எதுத்தாப்புல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. அவரு சட்டையில மூணு பொத்தான் வெள்ளை, ஒண்ணு மட்டும் செவப்பு. அது நல்லாத் தெரிஞ்சிச்சு."

மதினி, மீன் காட்டப் போனது ஜூலையில். தொம்மை பிறந்தது அந்த மாதம் கடைசியில். நேரத்தோடு வந்திருந்தால் தம்பியைப் பார்த்திருப்பாள் என்று நான் அவருக்கு எழுதினேன் அல்லவா, அது பொய். அன்றே பறந்து வந்திருந்தாலும் அவள் பார்த்திருக்க மாட்டாள். இதைச் சொன்னால் நான் அவர் தலையில் ஏற்றிய பாரம் இறங்கிவிடும். ஆனால் சொன்னால், பட்டணம் முழுவதையும் காட்டிவிட்டேன் என்று அவர் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த ஒன்றும் போய்விடும். அது போனால் அவர் இருக்க மாட்டார். எழுதியே இருக்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது? இரண்டையும் வைத்துக்கொண்டு ஐந்து நாளாகச் சோறு பொங்குகிறேன்.

இன்று பூசை முடிந்து அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். எல்லாரும் பட்டணக் கதை கேட்க வந்தவர்கள். எல்ஸி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் பேசாத மனுஷர், அப்போது மட்டும் முகம் தெளிந்து பேசுகிறார். லம்பத்தில் வேலை செய்யும் சன்னாசி அண்ணன், "நெசமாவா பிள்ளே, இதெல்லாம் நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார்.

எல்ஸி வாய் திறக்கச் சற்றுத் தாமதமானது. இவர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

நான் அடுப்படியில் இருந்தேன். "வந்து எறங்குன அன்னிக்கே எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னாளேண்ணே, ஒண்ணு விடல" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எல்ஸியும் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்,
கத்தரின்